பங்கு கேட்ட மகனும் கூலி கேட்ட மகனும்: கிறித்தவத்தில் தந்தைமையும் மன்னிப்பும் குறித்து வடசென்னையிலிருந்து ஓர் ஆய்வு

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் முழுவதும் தொலைந்தவற்றைப் பற்றியது. 100 ஆடுகளில் ஒன்றைத் தொலைத்த மேய்ப்பன், 10 வெள்ளிக்காசுகளில் ஒன்றைத் தொலைத்துவிட்டு விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிய பெண், இரண்டு மகன்களில் இளையவனைப் பறிகொடுத்த தகப்பன் என மூவரை இயேசு அடுத்தடுத்துக் காட்டுகிறார். வரி தண்டுவோரோடும் பாவிகள் என ஊரார் ஒதுக்கியவர்களோடும் அவர் பந்தியில் அமர்ந்ததைக் கண்டு, யூத சமயச் சட்டத்தை நுணுக்கமாகக் கடைப்பிடித்த பரிசேயர் என்னும் பிரிவினர் முணுமுணுத்ததற்கு மறுமொழியாகவே இம்மூன்று உவமைகளும் சொல்லப்பட்டன. கடவுளின் தந்தைமை, தவறிப்போனோர்மீது அவர் கொண்ட பரிவு, மன்னிப்பின் இயல்பு ஆகியவற்றைக் குறித்துக் கிறித்தவ மரபில் எழுந்த ஆய்வுகளும் பூசல்களும் பெரும்பாலும் மூன்றாம் உவமையைச் சுற்றியே நடந்துள்ளன.

தமிழில் அந்த மூன்றாம் உவமைக்கு வழங்கும் பெயர் ஒன்றல்ல. சீர்திருத்தச் சபையார் நெடுங்காலம் அதனைக் 'கெட்ட குமாரன்' உவமை என்றனர். கத்தோலிக்கர் 'ஊதாரி மைந்தன்' என்றனர். இரு தரப்பு அறிஞரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியான 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பு 'காணாமற்போன மகன்' என்று தலைப்பிட்டது. முதற்பெயர் மகனின் ஒழுக்கத்தையும் இரண்டாவது அவன் கைப்பணத்தையும் நோக்க, மூன்றாவது பெயர் மட்டுமே தேடுபவரின் கண்ணிலிருந்து பிறக்கிறது. ஏனெனில் ஒருவர் காணாமற்போவது, அவரைக் காண விரும்பும் ஒருவர் இருக்கும்போதுதான். இந்தப் பெயர்மாற்றத்திற்குள்ளேயே ஓர் இறையியல் நகர்வு அடங்கியுள்ளது என்று கொள்வதற்கு இடமுண்டு. அதே மொழிபெயர்ப்பில் இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது: சீர்திருத்தச் சபையாரின் பழைய திருப்புதல் 'அவன்' என்று ஒருமையில் குறித்த அந்த மகனை, அவர் பன்றி மேய்க்கும் இடத்திலும் பசியால் வாடும் இடத்திலும்கூட, திருவிவிலியம் 'அவர்' என்றே குறிக்கிறது. கிரேக்க மூலத்தில் இத்தகைய மரியாதைப் பன்மை இல்லை. தமிழின் இலக்கணம் அந்த மனிதருக்கு, தந்தை இன்னும் கண்ணில் படாத நிலையிலேயே, இழந்த மதிப்பைத் திருப்பித் தந்துவிடுகிறது.

தந்தைமையையும் மன்னிப்பையும் பற்றிய வினாவை வடசென்னையில் வைத்து ஆராய்வதற்குத் தனிக் காரணங்கள் உள்ளன. இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர், பேதுருவுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் வழங்கிய 'இராயப்பர்' என்னும் பெயரிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டிச் சமூகத்தாரின் பொருளுதவியால் எழுந்தது. சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் இவர்களே ஆளையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தனர். பேதுரு ஒரு மீனவர், தம் ஆசானைத் தெரியாது என்று ஒரே இரவில் மூன்று முறை மறுதலித்தவர், பின்னர் மன்னிக்கப்பட்டவர். ஆகவே மன்னிப்புப் பெற்ற ஒருவரின் பெயரைத்தான் அந்தப் பகுதி, அதை நாள்தோறும் நினைக்காமலேயே, சுமந்து வருகிறது.

இரண்டாவது காரணம் 'பங்கு' என்னும் சொல். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு கரைசேர்ந்து மீன் ஏலம் போனதும், டீசல், ஐஸ், உணவு முதலிய செலவுகளைக் கழித்து, எஞ்சிய தொகையைப் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பது வழக்கம். அந்தப் பகுப்புக்குப் பங்கு என்று பெயர். கடலுக்குப் போனவர் அங்கே கூலி வாங்குவதில்லை. பாடு நன்றாக இருந்தால் பங்கு பெருகும், வெறும் வலையோடு திரும்பினால் பங்கும் இல்லை. சற்றுத் தள்ளி, துறைமுகத்தின் சரக்கு வளாகங்களிலும், எண்ணூர் வரை நீளும் ஆலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் நிலைமை வேறு: அங்கே நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், அன்றாடக் கூலி என்னும் படிநிலையே மனிதரின் இடத்தை வரையறுக்கிறது. சொத்துப் பாகத்திற்கும் பங்கு என்றே தமிழில் பெயர். கத்தோலிக்கத் தமிழிலோ ஓர் ஆலயத்தைச் சார்ந்த மக்கள் திரளுக்குப் பங்கு என்றும், அதன் குருவுக்குப் பங்குத்தந்தை என்றும் பெயர். இவ்வாறு இராயபுரத்துக் கத்தோலிக்க மீனவர் ஒருவரின் நாவில் பங்கு என்பது உழைப்பின் பாகமாகவும் குடும்பச் சொத்தின் பாகமாகவும் தாம் சேர்ந்திருக்கும் இறைமக்கள் கூட்டமாகவும் ஒருங்கே நிற்கிறது. உவமையின் கட்டமைப்பும் இந்தச் சொல்லை அச்சாகக் கொண்டே சுழல்கிறது.

உவமையில் இளைய மகன் முதலில் கேட்பது பங்கு. உபாகமம் என்றும் இணைச்சட்டம் என்றும் வழங்கும் நூலின் 21ஆம் அதிகாரப்படி மூத்த மகனுக்கு இரட்டைப் பாகம் உரியது. எனவே இருவர் உள்ள வீட்டில் இளையவருக்கு மூன்றில் ஒரு பாகமே வரும். தகப்பன் உயிரோடிருக்கையில் அதைக் கேட்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேற்கு ஆசிய நாடுகளில் நெடுங்காலம் வாழ்ந்து அங்குள்ள சிற்றூர் மக்களிடம் கேட்டறிந்த கென்னத் பெய்லி, அந்தக் கோரிக்கை தகப்பன் சாக வேண்டும் என்று விரும்புவதற்கு ஒப்பாகும் என்றார். வேறு சிலர், உயிரோடிருக்கையிலேயே சொத்தைப் பிரித்துக்கொடுப்பது யூதரிடையே நடந்ததுதான் என்றும், அதனாலேயே சீராக்கின் ஞானம் என்னும் நூல் அவ்வாறு செய்யாதீர்கள் என்று தகப்பன்மாரை எச்சரித்தது என்றும் காட்டுவர். இரண்டாம் கருத்துக்கே சான்று வலுவாகத் தோன்றுகிறது. எச்சரிக்கை இருந்ததென்றால் வழக்கமும் இருந்திருக்க வேண்டும். ஆயினும் உவமையின் கூர்மை அதனால் மழுங்குவதில்லை. தமிழ்நாட்டில் பெற்றோர் கண்ணெதிரே பாகப்பிரிவினை நடந்த வீடுகளைக் கண்டவர்களுக்கு, சட்டப்படி சரியான ஒன்று எவ்வளவு வலி தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பங்கைக் கரைத்த மகன், பஞ்சம் வந்தபோது, அயல்நாட்டான் ஒருவனிடம் ஒட்டிக்கொண்டு பன்றி மேய்க்கிறான். பன்றிகள் தின்றதாக மூலத்தில் வருவது கேரோப் என்னும் மரத்தின் இனிப்பான உலர்காய். தமிழ்நாட்டில் அறியப்படாத அந்தக் காய்க்குப் பழைய திருப்புதல் 'தவிடு' என்றும், திருவிவிலியம் 'நெற்று' என்றும் சொல்லிட்டன. நெற்று மூலத்திற்கு நெருக்கமானது. ஆனால் அரிசியெல்லாம் பிறர் தட்டுக்குப் போன பின் எஞ்சும் தவிட்டுக்காக ஒருவன் ஏங்குகிறான் என்பதில் உள்ள கசப்பு நெற்றில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் தாவரவியலில் தவறிப் பசியில் சரியாக இருந்தார் என்று சொல்லலாம்.

அந்தப் பசியில் மகனுக்குப் புத்தி தெளிகிறது. தகப்பனிடம் சொல்ல ஒரு பேச்சை ஆயத்தம் செய்கிறான். அந்தப் பேச்சில் மூன்று பகுதிகள்: தான் விண்ணுக்கும் தகப்பனுக்கும் எதிராகத் தவறிழைத்தது, மகன் எனப்படும் தகுதியை இழந்தது, ஆகையால் கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ள வேண்டுவது. இங்கே கூலியாள் என்பதற்கு ஆளப்பட்ட கிரேக்கச் சொல் அன்றாடக் கூலிக்கு வருபவரைக் குறிப்பது. வீட்டு அடிமைக்காவது கூரையும் சோறும் உறுதி, கூலியாளுக்கோ நாளைக்கு வேலை உண்டா என்பதே தெரியாது. மகன் கேட்பது ஒப்பந்தத் தொழிலாளியின் இடம். மிகவும் பணிவான வேண்டுகோளாகத் தோன்றும் இதில் ஒரு கணக்கும் மறைந்துள்ளது: கூலி வாங்குபவர் கடன்பட்டவராக இருக்க வேண்டியதில்லை, உழைத்துத் தீர்க்கலாம், ஒருநாள் தலைநிமிரலாம்.

தகப்பனின் செயல் அந்தக் கணக்கைக் குலைக்கிறது. அவர் தொலைவிலேயே கண்டு, மனமிரங்கி, ஓடிப்போய், கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார். மகன் பேசத் தொடங்கி முதல் இரண்டு பகுதிகளைச் சொல்லி முடித்ததும், மூன்றாம் பகுதிக்கு இடமில்லாமல் தகப்பன் வேலையாட்களிடம் பேசத் தொடங்கிவிடுகிறார்: உயர்ந்த ஆடை, கைக்கு மோதிரம், காலுக்குச் செருப்பு, கொழுத்த கன்று. கூலி என்னும் சொல் தகப்பனின் முன்னிலையில் உச்சரிக்கப்படவே இல்லை. மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் இந்த மூன்றாம் பகுதி 21ஆம் வசனத்திலும் காணப்படுகிறது. முன்னர் 19ஆம் வசனத்தில் வந்ததைப் படியெடுத்தோர் இங்கும் சேர்த்துவிட்டனர் என்பதே உரையாய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. பேச்சு பாதியில் நின்றதை எழுத்தரின் விடுபாடாகக் கருதி நிறைவு செய்திருக்கக்கூடும். மகனின் விண்ணப்பம் முழுமை பெறாமல் போனதில்தான் உவமையின் உயிர் இருக்கிறது என்பதை அந்த நேர்மையான கைகள் கவனிக்கவில்லை.

தகப்பன் ஏன் ஓடினார் என்பதற்குப் பெய்லி ஒரு சமூகக் காரணம் கூறினார். குடும்ப நிலத்தை அயலாருக்கு இழந்தவரை ஊரார் கூடி, தானியம் நிறைத்த பானையை உடைத்து, உறவிலிருந்து துண்டிக்கும் சடங்கொன்று யூத மரபுநூல்களில் சொல்லப்படுகிறது. ஊரார் மகனை எதிர்கொண்டு விலக்குவதற்குமுன் தாம் அவனை அடைந்துவிட வேண்டும் என்றே மூத்த வயதினரான அவர், ஆடையைத் தூக்கிக்கொண்டு, தெருவில் ஓடினார் என்பது அவர் விளக்கம். உவமையில் அந்தச் சடங்குக்கு நேரடிக் குறிப்பு இல்லை என்று மறுப்போரும் உள்ளனர். சோழமண்டலக் கடற்கரையின் மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தண்டம் விதிக்கவும் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்கி வைக்கவும் இருந்துவரும் வலிமையை அறிந்தோர்க்குப் பெய்லியின் விளக்கம் எளிதில் புரியும். ஒதுக்கப்பட்ட குடும்பத்தாரோடு பேசக்கூடாது, அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, மீன் வாங்கவோ விற்கவோ கூடாது என்ற கட்டு விழும். தண்டத் தொகையைக் கட்டி, சபை நடுவில் மன்னிப்புக் கேட்ட பின்னரே கட்டு நீங்கும். உவமையின் தகப்பன் தண்டமும் கேட்கவில்லை. சபை கூடும்வரை காத்திருக்கவுமில்லை. ஆனால் ஊரை அழைத்து விருந்து வைக்கிறார். மன்னிப்பு வீட்டுக்குள் முடிந்துபோகாமல் ஊரறிய நடக்கிறது.

இதன் தனித்தன்மை, பௌத்த நூலான தாமரைச் சூத்திரத்தில் வரும் இதையொத்த கதையோடு ஒப்பிடும்போது தெளிவாகும். அங்கும் ஒரு மகன் வீட்டைவிட்டுப் போய் 50 ஆண்டுகள் அலைகிறான். செல்வந்தரான தகப்பன் அவனைக் கண்டுகொள்கிறார். மகனோ அவரை அறியாமல் அஞ்சி ஓடுகிறான். ஆகவே தகப்பன் அவனைக் குப்பையள்ளும் கூலியாளாகவே வேலைக்கு அமர்த்தி, 20 ஆண்டுகள் படிப்படியாகப் பழக்கி, இறுதியில் மரண வேளையில் தம் மகன் என்று அறிவித்துச் சொத்தை அளிக்கிறார். மனம் பக்குவப்படும்வரை காத்திருக்கும் ஆசானின் பொறுமை அந்தக் கதையின் அழகு. லூக்காவின் தகப்பன், அந்தக் கூலிக்காலத்தின் 20 ஆண்டுகளையும் ஒரு கணத்தில் கடந்துவிடுகிறார். பக்குவம் ஏற்புக்குப் பின்னர் வரட்டும் என்று விட்டுவிடுகிறார். இரண்டையும் தரவரிசைப்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கிறித்தவம் எதை முன்னால் வைக்கிறது, எதைப் பின்னால் வைக்கிறது என்பதே இங்கு வினா.

ஆயினும் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிரசங்கங்களில் அது அடிக்கடி நழுவிவிடுகிறது. தகப்பன் திருப்பிக் கொடுத்தது பங்கை அன்று. செலவழிந்த மூன்றில் ஒரு பாகம் செலவழிந்ததே. எஞ்சிய அனைத்தும் மூத்தவருடையது என்று தகப்பனே பின்னர் உறுதிப்படுத்துகிறார். மகன் பங்காளியாகத் திரும்பவில்லை, கூலியாளாகவும் திரும்பவில்லை, பிள்ளையாகத் திரும்புகிறான். கிறித்தவ இறையியல் 'கிருபை' அல்லது 'அருள்' என்று வழங்கும் கருத்து, அதாவது ஈட்டாமலும் தகுதியின்றியும் கிடைக்கும் தயவு, இந்த மூன்றாவது இடத்தையே குறிக்கிறது.

அந்தத் தயவுக்கு உரியவரைத் 'தந்தை' என்று அழைப்பது இயேசுவால் புதிதாகத் தோன்றியதா என்பது 20ஆம் நூற்றாண்டின் நெடிய விவாதங்களுள் ஒன்று. ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ், இயேசு தம் அரமேயத் தாய்மொழியில் பயன்படுத்திய 'அப்பா' என்னும் விளி அக்கால யூத வேண்டுதல்களில் காணப்படாத நெருக்கமுடையது என்று வாதிட்டார். சிறுகுழந்தையின் மழலைச் சொல் அது என்ற கருத்து அதிலிருந்து பரவியது. ஜேம்ஸ் பார் 1988இல் எழுதிய கட்டுரையில், வளர்ந்தவர்களும் வழங்கிய இயல்பான சொல்லே அது என்று நிறுவினார். யூத அறிஞர் ஏமி-ஜில் லெவின், இயேசுவின் தந்தையை இரக்கமுள்ளவராகக் காட்டுவதற்காக யூதரின் கடவுளைக் கொடியவராகத் தீட்டும் கிறித்தவப் பழக்கத்தைக் கண்டித்தார். ஓசேயாவின் 11ஆம் அதிகாரத்திலும், எரேமியாவின் 31ஆம் அதிகாரத்திலும், 103ஆம் சங்கீதத்திலும் பிள்ளைக்காக உள்ளம் உருகும் தந்தையை எபிரேய மறைநூலே காட்டியிருக்கையில், அவருடைய கண்டனம் நியாயமானது.

தமிழருக்கு இவ்விவாதம் விந்தையான முறையில் வந்து சேர்கிறது. கிரேக்கப் புதிய ஏற்பாடு அப்பா என்ற அரமேயச் சொல்லை மாற்றாமல் மூன்று இடங்களில் அப்படியே வைத்தது; தமிழ் வாசகரோ அந்த அயற்சொல்லைத் தம் வீட்டுச் சொல்லாகவே கேட்கிறார். தற்செயலான ஒலியொற்றுமைதான், ஆனால் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அடிக்குறிப்பிட்டு விளக்க வேண்டிய நெருக்கம், தமிழில் எந்த விளக்கமுமின்றி வந்துவிடுகிறது. அதே வசனத்தில் உடன் நிற்கும் 'பிதா' என்னும் வடசொல் ஆலயத்தின் மதிப்பையும், அப்பா வீட்டின் உரிமையையும் ஏந்தி நிற்கின்றன. திருத்தூதர் பவுல் இந்த உறவை விளக்க எடுத்தாண்ட கிரேக்கச் சட்டச்சொல் தத்தெடுத்தலைக் குறிப்பது. பழைய திருப்புதல் அதனைப் 'புத்திரசுவிகாரம்' என்றது. பிறப்பால் வராத மகன்மை என்பதே பொருள். வீரமாமுனிவர் 1726இல் நிறைவேற்றிய தேம்பாவணிக்கு, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையை வளன் என்று பெயரிட்டுத் தலைவனாக்கியது இங்கு நினைவுகூரத்தக்கது. தமிழின் முதன்மையான கிறித்தவக் காப்பியம் குருதியால் தந்தையாகாத ஒருவரைப் பற்றியது.

தந்தை என்னும் படிமம் எல்லாருக்கும் ஆறுதலாக அமைவதில்லை. குடியால் குலைந்த வீடுகளில், அடிக்குப் பயந்து கதவோரம் ஒதுங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு, கடவுள் தகப்பனைப் போன்றவர் என்பது நற்செய்தியாக ஒலிக்காது. வடசென்னையில் ஊழியம் செய்வோர் இதை அறிவர். மனிதத் தகப்பனைப் பெரிதாக்கிக் கடவுளைக் காண்பதா, கடவுளைக் கொண்டு மனிதத் தகப்பனை அளப்பதா என்பதே வினா. உவமை இரண்டாம் வழியையே காட்டுகிறது, ஏனெனில் அங்குள்ள தகப்பன் அக்காலத்துத் தகப்பன்மார் நடந்திருக்கக்கூடியபடி நடக்கவில்லை. மேலும் லூக்கா, தகப்பனுக்குச் சற்றுமுன் விளக்கேற்றித் தேடும் பெண்ணையும் கடவுளுக்கு உவமையாக நிறுத்தியுள்ளார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, தலித் மக்களின் நாட்டுப்புற இசையில் அமைத்த வழிபாட்டுப் பாடல்களில் கடவுளைப் 'பெத்தவரே' என்று விளித்தார். தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான, பேச்சுவழக்கில் வேரூன்றிய அந்தச் சொல், பிதா என்னும் சொல்லின் தொலைவையும் அப்பா என்னும் சொல்லின் ஆண்பாலையும் ஒருசேரக் கடந்தது. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதைச் சாதி கடந்த சமத்துவத்தின் அடையாளமாக அவர் முன்வைத்ததும், கன்றை அடித்து விருந்திட்ட தகப்பனின் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. தமிழ்க் கிறித்தவம் இக்கருப்பொருளுக்கு அளித்த கொடைகளுள் இதுவே மிகத் தற்சார்பானது எனலாம்.

மன்னிப்பைக் குறிக்கும் சொற்களுக்குள் 'கடன்' தனியிடம் பெறும். அரமேயத்தில் ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறித்தது. அதனால்தான் இயேசு கற்பித்த வேண்டுதலை மத்தேயு கடன்களின் மன்னிப்பாகவும் லூக்கா பாவங்களின் மன்னிப்பாகவும் பதிந்தனர். சீர்திருத்தச் சபைகளின் பழைய திருப்புதல் மத்தேயுவின் வேண்டுதலில் கடன் என்றே சொல்கிறது. கத்தோலிக்க வேண்டுதல் குற்றம் என்கிறது. தமிழில் கடன் என்பது கடமைக்கும் பெயராதலால் செலுத்தத் தவறியது, செய்யத் தவறியது என இருபொருளும் அதில் ஒலிக்கின்றன. அந்தப் பழைய திருப்புதலின் மரபுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவரான ஜான் பிலிப் பப்ரீசியஸ், வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய ஜெர்மானியர். மொழியில் அத்தனை நுட்பமுடைய அவர் பணத்தில் ஏமாளி. முதுமையில் கடனில் சிக்கி, சென்னையிலேயே கடனாளிகளுக்குரிய சிறையில் அடைக்கப்பட்டு, 1791இல் மறைந்தார். பழைய ஏற்பாட்டின் அச்சு 1796இல்தான் முற்றுப்பெற்றது. கடன் மன்னிப்பைத் தமிழில் வேண்டக் கற்றுக்கொடுத்த கைகளுக்குக் கடன்காரர்களின் மன்னிப்புக் கிட்டவில்லை.

மத்தேயுவின் 18ஆம் அதிகாரத்து உவமையில் ஓர் ஊழியன் அரசனுக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆகக் கடன் 6 கோடி நாட்கூலி, அது தள்ளுபடியாகிறது. வெளியே வந்த அவனே தனக்கு 100 நாட்கூலி தரவேண்டிய உடன்வேலையாளின் கழுத்தைப் பிடிக்கிறான். இந்த இரண்டாம் தொகைதான் வடசென்னைக்கு மிகப் பழக்கமானது. விடியுமுன் மீன் எடுக்கத் தண்டலுக்கு வாங்கிய பணத்தை, முன்வட்டி பிடித்துக்கொண்டது போக, விற்ற காசிலிருந்து அன்றன்று கட்டி, சிறு அட்டையில் கட்டத்துக்குக் கட்டம் குறிப்பு வாங்கிவரும் மீன்விற்கும் பெண்கள் அங்கு ஏராளம். ஒரு நாள் மழை பெய்து வியாபாரம் கெட்டால் கட்டம் வெறுமையாய் நிற்கும்; மறுநாள் வாசலில் குரல் எழும். தமிழ்நாடு அரசு கந்துவட்டித் தடைச் சட்டத்தை 2003இல் இயற்றிய பின்னரும் அட்டைகள் மறையவில்லை. மன்னிப்பு என்பது மனத்தில் நிகழும் மெல்லிய உணர்வு என்று எண்ணுவோர்க்கு, கடன் என்னும் சொல் அதன் பருமையை நினைவூட்டுகிறது: யாரோ ஒருவர் தமக்கு வரவேண்டியதை இழந்து அந்த அட்டையைக் கிழிக்க வேண்டியிருக்கிறது. சிலுவையைப் பற்றிய கிறித்தவ போதனை, அந்த இழப்பைக் கடவுளே ஏற்றார் என்பதுதான்.

அந்த மன்னிப்பு மனிதரை வந்தடையும் வழி குறித்துச் சபைகள் பிரிந்தன. ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்று 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. வாழ்நாள் முழுதும் மனந்திரும்புதலே என்று 1517இல் தம் முதற்கூற்றிலேயே எழுதிய மார்ட்டின் லூத்தர், நம்பிக்கை ஒன்றினாலே நீதிமானாக்கப்படுதலைப் போதித்தார். 1551இல் திரெந்துச் சங்கம் குருவின் முன் அறிக்கையிடுதலை மீண்டும் வலியுறுத்தியது. தமிழ்க் கத்தோலிக்கர் இதனை முன்னர்ப் பாவசங்கீர்த்தனம் என்றனர், இன்று ஒப்புரவு என்கின்றனர்; திருக்குறளில் ஊருக்கு உதவி வாழ்தலைக் குறித்த சொல் உறவைச் சீராக்குதலைக் குறிக்கலாயிற்று. பெந்தெகொஸ்தே சபைகளில் குடியிலிருந்தும் அடிதடியிலிருந்தும் மீண்டவர் எழுந்து நின்று சாட்சி சொல்வது அதே உவமையின் வாழும் வடிவம். 1980இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறைஇரக்கம் பற்றிய சுற்றுமடலில் இவ்வுவமைக்குத் தந்த விரிவான விளக்கமும், 2015 டிசம்பரில் தொடங்கித் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த இரக்கத்தின் யூபிலி ஆண்டும், பூசல்களைத் தாண்டி அனைவரையும் தகப்பனின் வாசலுக்கே அழைத்து வந்தன.

தவறியோரை மீட்கும் தெய்வம் இந்தக் கடற்கரைக்குக் கிறித்தவத்தோடுதான் வந்தது என்று எண்ணுவது பிழையாகும். இராயபுரத்திற்கு வடக்கே திருவொற்றியூரில், சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்து, அதை மீறி ஊரெல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் பெற்றதைப் பெரியபுராணம் சொல்கிறது. அங்கும் மீறலும் இழப்பும் அழுகையும் மீட்பும் உண்டு. ஆனால் அங்குச் சிவனோடு உள்ள உறவு தோழமை. தோழரிடம் உரிமையோடு சண்டையும் போடலாம். சிவனை அம்மையாகவும் அப்பனாகவும் விளித்த மாணிக்கவாசகரின் திருவாசகத்தை 1900இல் ஜி. யு. போப் ஆங்கிலத்தில் வெளியிட்டதும், பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி கிறித்தவத்தையே பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதியதும் இந்த அண்மையை உணர்ந்ததால்தான். சென்னையின் தொழிற்சங்கத் தலைவராகவும் மேயராகவும் விளங்கிய வெ. சக்கரை, இயேசுவை அவதாரம் என்னும் கருத்தால் விளக்கிய இறையியலாளருமாவார். கூலிக்காகப் போராடியவரும் கூலிக்கணக்கில் அடங்காத அருளைப் பற்றி எழுதியவரும் ஒரே மனிதராக இருந்தது, இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற எண்ணத்திற்கு நல்ல மறுப்பு.

அந்த எண்ணத்தைத்தான் உவமையின் மூத்த மகன் எழுப்புகிறார். வயலிலிருந்து திரும்பி, ஆடல்பாடல் கேட்டு, உள்ளே வர மறுத்து, இத்தனை ஆண்டுகள் அடிமையாய் உழைத்தும் தமக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் தரப்படவில்லை என்கிறார். அவருடைய சொற்களும் கூலியின் சொற்களே. வீட்டைவிட்டுப் போகாமலேயே அவரும் தம்மைக் கூலியாளாக எண்ணி வாழ்ந்திருக்கிறார். அவரைப் பரிசேயர் என்று சொல்லி எளிதில் ஒதுக்கிவிடும் பிரசங்கம் நியாயமானதன்று, ஏனெனில் அவர் கேட்பதில் நீதியின் குரலும் உண்டு. மிக்ஜாம் புயலையொட்டி 2023 டிசம்பரில் பெருகிய வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கறுத்துப்போன படகுகளில் நின்று குவளையாலும் வாளியாலும் அதை அள்ளிய மீனவர்களிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசுவோர், முதலில் ஈடு யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த எல்லையைக் கிறித்தவ மரபும் அறியும்: வரி தண்டிய சக்கேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாக அறிவித்ததை அதே லூக்கா 19ஆம் அதிகாரத்தில் எழுதினார், மனந்திரும்புதலைக் கோராத மன்னிப்பை மலிவான கிருபை என்று 1937இல் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் கண்டித்தார். எனினும் சக்கேயுவின் வீட்டில் வரிசை என்னவென்று பார்க்க வேண்டும்: இயேசு விருந்தினராக அவன் வீட்டுக்கு வருவது முதலில், ஈடு செய்வதாக அவன் சொல்வது பின்னர். ஈடு மன்னிப்பின் விலையாக அமையவில்லை, விளைவாக அமைந்தது. தகப்பனும் மூத்தவரிடம் வாதத்தில் வெல்ல முயலவில்லை. வெளியே வந்து, மகனே என்று அழைத்து, வருந்திக் கேட்டுக்கொள்கிறார். அன்று அவர் வாசலைவிட்டு இறங்கி வந்தது இது இரண்டாம் முறை. மூத்தவர் உள்ளே போனாரா என்பதை லூக்கா எழுதவில்லை.

இராயப்பரின் கதையில் அந்த முடிவு எழுதப்பட்டுள்ளது. யோவான் நற்செய்தியில் கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்தபடி பேதுரு மறுதலித்த இரவு. மற்றொன்று, இரவெல்லாம் பாடுபட்டும் மீன் கிடைக்காத விடியலில், உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடலோரம் மூட்டி வைத்திருந்த நெருப்பு. அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது; கூடவே அப்பம். மறுதலிப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. சாப்பிட வரச்சொல்கிறார், அவரே எடுத்துக் கொடுக்கிறார். எல்லாரும் உண்டு முடித்த பின்னரே, மறுதலித்த மூன்று முறைக்கும் ஈடாக மூன்று முறை, தம்மிடம் அன்பு உண்டா என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் தம் ஆடுகளை அவர் கையில் ஒப்படைக்கிறார்.